பரிமாற்ற விலைத் திருத்தங்களும் வரித் தகராறுகளும்: நீலகிரித் தேயிலை நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டமோ, பிறரிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் பாட்லீஃப் ஃபேக்டரியோ நடத்தி, வெளிநாட்டிலுள்ள தங்கள் குழும நிறுவனத்துக்குத் தேயிலை அனுப்பும் நிறுவனங்களின் கணக்கு அலுவலர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. எனினும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான தகராறுகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடப்பதால், கீழே தரப்பட்டுள்ள எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்களே.

பரிமாற்ற விலைத் திருத்தம் என்பது என்ன?

ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் தமக்குள் வாங்கி விற்கும்போது, அவை வைத்துக்கொள்ளும் விலை சந்தையில் இரண்டு அந்நியர்கள் பேசி முடிக்கும் விலையாக இருக்கவேண்டிய கட்டாயம் வணிகத்தில் இல்லை. இலாபம் குன்னூரில் நின்றாலும் இலண்டனில் நின்றாலும் உரிமையாளருக்கு ஒன்றுதான்; வரி வாங்கும் அரசுக்கு அப்படியல்ல. ஆகவே 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 92 முதல் 92எஃப் வரையிலான பிரிவுகளை இன்றைய வடிவில் கொண்டுவந்து, தொடர்பற்ற இருவருக்கிடையில் அந்தப் பரிவர்த்தனை நடந்திருந்தால் என்ன விலை கிடைத்திருக்குமோ அந்த விலையிலேயே வருமானத்தைக் கணக்கிட வேண்டும் என்று விதித்தது. அந்த விலைக்கு ஆர்ம்ஸ் லெங்த் விலை என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் உள்ள விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை வருமானத்தில் கூட்டுவதே திருத்தம்.

இது ஒரு வழியில் மட்டுமே செல்லும். ஆர்ம்ஸ் லெங்த் விலையை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் வருமானம் குறையும் என்றால், 92(3) பிரிவின்படி அந்தக் குறைவு ஏற்கப்படாது. மார்ச்சில் அனுப்பிய சரக்கைச் சந்தையைவிட அதிக விலைக்கு விற்றோம் என்று சொல்லி, ஜூலையில் குறைத்து விற்றதை ஈடுகட்ட முயலும் வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றோடொன்று பிணைந்து நடந்தவை என்று காகிதத்தில் காட்ட முடிந்தால்தான் அந்த வாதத்துக்கு வலு உண்டு.

எங்கள் பங்குகளில் கால் பங்குதான் வெளிநாட்டு நிறுவனத்திடம் உள்ளது. நாங்களும் தொடர்புடைய நிறுவனமா?

இந்த விதிகள் யாருக்குப் பொருந்தும், அதாவது யார் தொடர்புடைய நிறுவனம் என்று சொல்லும் 92ஏ பிரிவு, வாக்குரிமையில் 26 சதவீதத்தை எல்லையாக வைக்கிறது. ஆகவே சரியாகக் கால் பங்கு மட்டுமே என்றால் அந்த வழியில் நீங்கள் சிக்கமாட்டீர்கள். ஆனால் வேறு வழிகளும் உண்டு. உங்கள் மொத்தச் சொத்தின் புத்தக மதிப்பில் 51 சதவீதத்துக்குக் குறையாத கடனை அவர்கள் தந்திருந்தாலோ, உங்கள் மொத்தக் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாத தொகைக்கு உத்தரவாதம் அளித்திருந்தாலோ, இயக்குநர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அவர்களே நியமித்தாலோ நீங்கள் தொடர்புடைய நிறுவனமே. தேயிலைத் துறையில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இன்னொன்று: நீங்கள் தயாரிக்கும் சரக்கை அவர்களுக்கோ அவர்கள் சொல்பவருக்கோ விற்று, விலையையும் நிபந்தனைகளையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள் என்றால், பங்கே இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவு பொருந்தும். ஒப்பந்தத்தில் ‘விலையை வாங்குபவர் அறிவிப்பார்’ என்ற ஒற்றை வரி இருப்பதைக் கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள்.

உள்நாட்டில் உள்ள எங்கள் சகோதர நிறுவனத்துக்கு விற்பதும் இதில் வருமா?

பொதுவாக இல்லை. 2012-இல் உள்நாட்டுப் பரிவர்த்தனைகள் சிலவும் சேர்க்கப்பட்டன. ஆனால் அவற்றின் மொத்த மதிப்பு ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைத் தாண்டினால்தான் இப்போது இது பொருந்தும். உறவினருக்குச் செய்யும் செலவுகளைக் குறிக்கும் 40ஏ(2)(பி) பரிவர்த்தனைகளும் 2017-இல் நீக்கப்பட்டன. வரிச் சலுகை பெறும் பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் இடையே சரக்கு மாறும்போதுதான் இப்போது பெரும்பாலும் இது பேசப்படுகிறது.

குன்னூர் ஏல விலை வாரந்தோறும் வெளியாகிறது. அதைவிட நல்ல ஒப்பீடு வேறு என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் எங்கள் மலைப்பகுதியின் தகராறுகள் பெரும்பாலும் வந்து நிற்கின்றன. ஆகவே இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

92சி பிரிவும் 10பி, 10ஏபி விதிகளும் ஆறு முறைகளைத் தருகின்றன: ஒப்பிடத்தக்க விலை முறை, மறுவிற்பனை விலை முறை, அடக்கச் செலவு கூட்டல் முறை, இலாபப் பங்கீட்டு முறை, பரிவர்த்தனை நிகர இலாப முறை, இவை தவிர்த்த பிற முறை. பொதுச்சந்தையில் விலை வெளியாகும் பொருளுக்கு ஒப்பிடத்தக்க விலை முறையே முதலில் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. ஆனால் பரிமாற்ற விலை அலுவலர், அதாவது டிபிஓ, ஏலத்தின் வாரச் சராசரியை எடுத்து உங்கள் ஏற்றுமதி விலையோடு வைத்துப் பார்க்கும்போது, ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுகிறார் என்பதை நீங்கள் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

வாரச் சராசரியில் எல்லா ஃபேக்டரிகளின் எல்லா மார்க்குகளும், அதாவது சரக்கை விற்கும் ஃபேக்டரி அல்லது தோட்டப் பெயர்களும், கலந்திருக்கின்றன. கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய சிடிசி தூளும், முறுக்கித் தயாரித்த ஆர்த்தடாக்ஸ் இலையும் ஒரே விலைக்குப் போவதில்லை. ஆர்த்தடாக்ஸிலேயே ஓபி, பிஓபி, பிஓபிஎஃப் என்று தரத்துக்குத் தரம் விலை மாறும். ஒரே தரத்துக்குள்ளும் நல்ல பெயர் பெற்ற மார்க்குக்கும் மற்றதற்கும் இடைவெளி உண்டு. கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் வெவ்வேறு மாதங்களில் கொழுந்தைப் பெருக்குகின்றன. கொழுந்து குவியும் மாதங்களில் விலை இறங்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் மகசூல் குறைந்து, மணம் மிகுந்த சரக்குக்குத் தனி விலை கிடைக்கும். ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு மே மாதம் கொச்சித் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கை எந்த வார விலையோடு ஒப்பிடுவது? ஒப்பந்தத் தேதியின் விலையே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இரண்டு அந்நியர்கள் விலையை முடிவு செய்த நேரம் அதுவே. ஆனால் தேதியிட்ட மின்னஞ்சலோ கையெழுத்தான ஒப்பந்தமோ கையில் இல்லையென்றால், ஏற்றுமதித் தேதியின் விலையை டிபிஓ எடுப்பதைத் தடுப்பது கடினம்.

10பி விதி, விலையைப் பாதிக்கும் வேறுபாடுகளைச் சரிசெய்து கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும் என்கிறது. ஏலத்தில் விலை என்பது குடோனில் சரக்கு நிற்கும் நிலையில் உள்ள விலை. ஏற்றுமதி விலையில் துறைமுகம் வரையிலான லாரி வாடகை, பெட்டி அல்லது காகிதப் பை, சரக்குக் கையாளும் கட்டணம் ஆகியவை அடங்கியிருக்கும். ஏலத்தில் பணம் குறித்த நாளுக்குள் வந்துவிடும். குழும நிறுவனத்துக்குத் தொண்ணூறு நாள் கடன் தந்திருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. மறுபக்கம், ஏலத்தில் தரகருக்குக் கமிஷன் போகிறது, நேரடி விற்பனையில் போவதில்லை. இவற்றை ரூபாய்க் கணக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக் காட்ட முடிந்தவர்களின் திருத்தம் சுருங்கும். ‘தேயிலையின் தரம் வேறு’ என்று பொதுவாகச் சொன்னவர்களுக்கு அப்படி ஆகாது.

உங்கள் அதே ஃபேக்டரி, அதே தரத்தை, அதே வாரத்தில் தொடர்பற்ற வெளிநாட்டு வாங்குபவருக்கு விற்ற இன்வாய்ஸ்கள் இருந்தால், ஏல விலையைவிட அவையே முதன்மையான ஒப்பீடு. அவை இல்லாத நிலையில், உங்கள் மார்க் அந்த வாரம் ஏலத்தில் பெற்ற விலை அடுத்த நிலை. அதுவும் இல்லாதபோதுதான், உங்களோடு ஒப்பிடத்தக்க மார்க்குகளின் தர வாரியான விலைக்குப் போக வேண்டும். இந்த வரிசையை உங்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்தால், பின்னால் டிபிஓ கடைசி நிலையிலிருந்து தொடங்கும்போது அதற்கு அப்போதே பதில் இருக்கும்.

நிகர இலாப முறையை எடுத்துக்கொண்டால் தலைவலி குறையுமா?

குறைவதுபோலத் தோன்றும். சென்னையில் கணினித் தரவுத்தளத்தில் தேயிலை நிறுவனங்களைத் தேடி, அவற்றின் செயல்பாட்டு இலாப விகிதத்தை உங்களுடையதோடு ஒப்பிடுவார்கள். ஆனால் தனக்கே தோட்டம் வைத்துத் தொழிலாளர் கூலி, வீடு, மருத்துவமனைச் செலவு எல்லாம் ஏற்கும் நிறுவனமும், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் பாட்லீஃப் ஃபேக்டரியும் ஒரே விகிதத்தில் இலாபம் காண்பதில்லை. வட இந்தியத் தோட்டங்களோடு ஒப்பிடப்பட்டால் பருவமும் சரக்கும் சந்தையும் மாறிவிடும். சரக்கு விற்பனைக்கு ஒப்பிடத்தக்க விலை முறையையும், குழுமத்துக்கு நீங்கள் செய்யும் கணக்கு, கொள்முதல் போன்ற சேவைகளுக்கு நிகர இலாப முறையையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

மூன்று சதவீதம் வரை வேறுபாடு விடப்படும் என்கிறார்களே?

அது பாதி உண்மை. ஒப்பிடத்தக்க விலைகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால், 10சிஏ விதிப்படி அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, 35-ஆவது முதல் 65-ஆவது சதமானம் வரை ஒரு வீச்சு அமைக்கப்படும். உங்கள் விலை அந்த வீச்சுக்குள் விழுந்தால் திருத்தமில்லை. வெளியே நின்றால் நடுமதிப்பு ஆர்ம்ஸ் லெங்த் விலையாகும். ஆறுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே சராசரி எடுக்கப்பட்டு, அறிவிக்கப்பட்ட சலுகை வரம்பு பொருந்தும்: மொத்த வியாபாரத்துக்கு 1, மற்றவற்றுக்கு 3 சதவீதம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். குழும நிறுவனத்துக்கு 2,00,000 கிலோ, கிலோ 160 ரூபாய் வீதம் விற்கிறீர்கள். அதே தரத்தை மூன்று தொடர்பற்ற வாங்குபவர்களுக்கு 168, 172, 176 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள். சராசரி 172. சலுகை வரம்பு உங்கள் விற்பனை விலையின் மீது கணக்கிடப்படுவதால் 160-க்கு 3 சதவீதம் 4 ரூபாய் 80 காசு. வேறுபாடோ 12 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டதால் 12 ரூபாயும் கூட்டப்படும், 7 ரூபாய் 20 காசு அல்ல. 2012 நிதிச் சட்டம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மொத்தத் திருத்தம் 24 லட்சம் ரூபாய்.

தோட்ட நிறுவனத்துக்கு இந்த 24 லட்சமும் வரிக்கு உட்படுமா?

தானே பயிரிட்டுத் தானே தயாரிக்கும் தேயிலையில் கிடைக்கும் வருமானத்தில் 40 சதவீதம் மட்டுமே 8-ஆவது விதியின் கீழ் மத்திய வருமான வரிக்கு உட்படுகிறது. மீதி 60 சதவீதம் விவசாய வருமானம். விற்பனை விலை என்பது பயிரும் தயாரிப்பும் சேர்ந்த கூட்டு வருமானத்தின் ஒரு பகுதி. ஆகவே திருத்தமும் அந்தக் கூட்டு வருமானத்துக்குள் சேர்க்கப்பட்டு, அதன் பிறகே 40 சதவீதம் பிரிக்கப்பட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வரிக்கு உட்படுவது 9 லட்சத்து 60 ஆயிரமே. திருத்தத்தை முழுமையாக 40 சதவீதத்தின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்து வரைவு ஆணை வந்தால், அதைத் தனி ஆட்சேபணையாகவே எழுதுங்கள். விலை பற்றிய வாதத்தில் தோற்றாலும் இந்தப் புள்ளியில் வெல்ல வாய்ப்பு உண்டு. விலை வாதத்தின் கீழே துணைக்குறிப்பாக எழுதினால் அது கவனிக்கப்படாமல் போய்விடும்.

பிறரிடம் வாங்கிய பச்சைத் தேயிலையை அரைக்கும் பாட்லீஃப் ஃபேக்டரிக்கு இந்தப் பிரிவினை இல்லை. 24 லட்சமும் வருமானமே. சொந்தக் கொழுந்தும் வாங்கிய கொழுந்தும் கலந்து ஓட்டும் ஃபேக்டரிகள், எந்த இன்வாய்ஸில் எவ்வளவு சொந்தக் கொழுந்து என்று பிரித்துப் பதிவு செய்வது இதனாலும் அவசியம்.

தாய் நிறுவனம் ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம் வாங்குகிறது. அதை முழுவதும் மறுத்து, மதிப்பு பூஜ்யம் என்று ஆணை போடலாமா?

அப்படி ஆணைகள் வருகின்றன. ஒரு செலவு வணிகத்துக்குத் தேவையா என்று தீர்மானிப்பது டிபிஓவின் வேலை அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012-இல் இகேஎல் அப்ளையன்சஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி நிற்காதீர்கள். சேவை உண்மையில் நடந்ததா என்ற கேள்விக்கு அனுப்பிய அறிக்கைகள், வந்து போனவர்களின் பயணப் பதிவு, கூட்டக் குறிப்புகள், செலவு பகிர்ந்த கணக்கு ஆகியவைதான் பதில். பங்குதாரர் என்ற முறையில் தாய் நிறுவனம் தனக்காகச் செய்துகொண்ட கண்காணிப்புக்கு உங்களிடம் கட்டணம் வாங்கினால், அது நிற்காது.

என்னென்ன ஆவணங்கள், எப்போது தயாராக இருக்க வேண்டும்?

வெளிநாட்டுத் தொடர்புடைய நிறுவனத்தோடு ஒரு ரூபாய்க்குப் பரிவர்த்தனை இருந்தாலும், பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட 3சிஇபி படிவத்தை அக்டோபர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பரிவர்த்தனைகளின் கூட்டு மதிப்பு ஒரு கோடியைத் தாண்டினால் 10டி விதியின் முழு ஆவணத் தொகுப்பும் அதே நாளுக்குள் இருக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின் எட்டு ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

முன்பு அலுவலர் கேட்டால் தருவதற்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2023 நிதிச் சட்டம் அதைப் பத்து நாளாகக் குறைத்துவிட்டது. கூடுதலாக அதிகபட்சம் 30 நாள் நீட்டிப்பு கிடைக்கலாம். பத்து நாளில் மூன்று ஆண்டுக்கு முந்தைய தர வாரியான ஏல விலைகளையும் தரகரின் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேடி எடுப்பது நடவாத காரியம். ஒவ்வொரு ஏற்றுமதி இன்வாய்ஸோடும் அந்த வார ஏலப் பட்டியலின் பிரதியையும், ஒப்பந்தத் தேதியையும், சுவை பார்த்த குறிப்பையும் அப்போதே சேர்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். நான் பார்த்தவரை, சட்ட வாதங்களைவிட இந்தக் கோப்புகளே அதிக வழக்குகளை முடித்திருக்கின்றன.

வழக்கு டிபிஓவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு என்ன நடக்கும்?

மதிப்பீட்டு அலுவலர் அனுப்பும் குறிப்பின் மேல், பெரும்பாலும் சென்னையில் உள்ள டிபிஓ விசாரித்து, மதிப்பீட்டுக் கெடு முடிவதற்கு 60 நாள் முன்னதாக ஆணை இட வேண்டும். இந்த நாள் கணக்கு சிறிய விஷயமல்ல. 2019 டிசம்பர் 31-இல் கெடு முடிந்த வழக்குகளில் நவம்பர் 1-ஆம் தேதியிட்ட ஆணைகளை, அக்டோபர் 31-க்குள் இட்டிருக்க வேண்டும் என்ற காரணத்தால் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் ரத்து செய்தது. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆணை கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் ஆண்டுக்குப் பொருந்தும் பின்னாளைய சட்டத் திருத்தங்களையும் வழக்கறிஞரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

டிபிஓவின் முடிவு மதிப்பீட்டு அலுவலரைக் கட்டுப்படுத்தும். அவர் 144சி பிரிவின் கீழ் வரைவு ஆணை அனுப்புவார்.

வரைவு ஆணைக்கு எதிராகத் தகராறு தீர்வுக் குழுவுக்குப் போவதா, மேல்முறையீட்டு ஆணையரிடம் போவதா?

வரைவு ஆணை கிடைத்த 30 நாளுக்குள் ஆட்சேபணை தாக்கல் செய்தால், மூன்று ஆணையர்கள் கொண்ட தகராறு தீர்வுக் குழு ஒன்பது மாதத்துக்குள் வழிகாட்டுதல் தரும். அதுவரை வரிக் கேட்பு எழாது. பணப்புழக்கம் குறைவான மாதங்களில் இது பெரிய ஆறுதல். குழுவின் முடிவு மதிப்பீட்டு அலுவலரைக் கட்டுப்படுத்தும். அங்கிருந்து நேரே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆட்சேபணை தாக்கல் செய்யாமல் விட்டால் இறுதி ஆணை உடனே வரும். பிறகு ஆணையரிடம் மேல்முறையீடு, அங்கே நீண்ட காத்திருப்பு.

குழு திருத்தத்தை உயர்த்தவும் அதிகாரம் பெற்றது என்பதை மறக்காதீர்கள். ஆனாலும் தரம், வாரம், மார்க் என்று நுணுக்கமாக விளக்க வேண்டிய தேயிலை வழக்குகளுக்குக் குழுவே பொருத்தமான இடம் என்று எண்ணுகிறேன்.

தீர்ப்பாயம் முடிவு செய்த விலையை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியுமா?

ஒப்பீட்டு நிறுவனங்களைத் தேர்ந்தது சரியா என்பது வெறும் உண்மை பற்றிய கேள்வி, அதில் உயர் நீதிமன்றம் தலையிடாது என்று 2018-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஏப்ரலில் எஸ்ஏபி லேப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை ஏற்கவில்லை. சட்டமும் விதிகளும் சொல்லும் வழிமுறையைத் தீர்ப்பாயம் பின்பற்றியதா என்பதை உயர் நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. இந்தக் கதவு வருமான வரித் துறைக்கும் திறந்திருக்கிறது.

தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும்போது வரி கட்ட வேண்டுமா?

தடை ஆணை பெற, கேட்கப்பட்ட தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைச் செலுத்தவோ அதற்கு ஈடு தரவோ வேண்டும் என்று 2020 நிதிச் சட்டம் 254(2ஏ) பிரிவில் சேர்த்தது.

திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் விஷயம் முடிந்துவிடுமா?

ஒரு கோடிக்கு மேற்பட்ட திருத்தம் என்றால் முடியாது. அந்தப் பணம் உண்மையில் வெளிநாட்டில்தான் இருக்கிறது என்பதால், 92சிஇ பிரிவு அதை 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. வராவிட்டால் அது கடனாகக் கருதப்பட்டு ஆண்டுதோறும் வட்டி வருமானம் கணக்கிடப்படும். அல்லது 18 சதவீதக் கூடுதல் வரியைச் சர்சார்ஜ், செஸ் உடன் ஒருமுறை கட்டி முடிக்கலாம். மேலே சொன்ன 24 லட்ச உதாரணத்தில் இது எழாது.

அபராதம்?

3சிஇபி தாக்கல் செய்யாததற்கு ஒரு லட்சம் ரூபாய். ஆவணம் வைக்காததற்கும் கேட்டுத் தராததற்கும் பரிவர்த்தனை மதிப்பில் 2 சதவீதம் வீதம். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான 50 சதவீத அபராதத்திலிருந்து 270ஏ(6) பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் ஆவணம் வைத்து, பரிவர்த்தனையை அறிவித்து, எல்லா உண்மைகளையும் வெளிப்படுத்தியவர்களுக்கு மட்டும்.

அதே இலாபத்துக்கு வெளிநாட்டிலும் வரி கட்டியாகிவிட்டதே?

அதற்குத்தான் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் பரஸ்பர ஒப்புதல் நடைமுறை இருக்கிறது. இந்தியத் திருத்தத்தின் மீது பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டு வரித்துறையிடம் விண்ணப்பிக்கும். இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிப்பார்கள். 2020-இல் திருத்தப்பட்ட 44ஜி விதி இதை சராசரியாக 24 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளோடு, பேச்சு முடியும்வரை வங்கி உத்தரவாதத்தின் பேரில் வரி வசூலை நிறுத்திவைக்கும் உடன்பாடும் உண்டு. விண்ணப்பக் கெடு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் என்பதால், வரைவு ஆணை வந்த வாரமே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் இதே போராட்டத்தைத் தவிர்க்க வழி உண்டா?

பாதுகாப்பு விலை விதிகள், அதாவது குறித்த அளவு விலையோ இலாபமோ காட்டினால் துறை அப்படியே ஏற்கும் விதிகள், மென்பொருள், கடன், உத்தரவாதம், சிறு சேவைகள் போன்றவற்றுக்குப் பயன்படும். தேயிலை ஏற்றுமதி அவற்றில் இல்லை. முன்விலை ஒப்பந்தம் 2012 முதல் உள்ளது. வரும் ஐந்து ஆண்டுகளுக்கும், விண்ணப்பித்தால் பின்னோக்கி நான்கு ஆண்டுகளுக்கும் விலை முறையை அரசோடு உறுதிசெய்து கொள்ளலாம். குழுமத்துக்கு ஏற்றுமதி பெரிய அளவில் நடக்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு தகும்; சிறிய ஃபேக்டரிக்குத் தகாது. 2025 நிதிச் சட்டம், ஒரு ஆண்டுக்கு முடிவான விலையை ஒத்த பரிவர்த்தனைகளுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் பொருத்தும் வழியைத் தந்துள்ளது. சேவைக் கட்டணம், வட்டி போன்ற நிலையான பரிவர்த்தனைகளுக்கு இது நல்லது. வாரத்துக்கு வாரம் விலை மாறும் சரக்குக்கு இதைத் தேர்ந்தெடுக்குமுன், முதல் ஆண்டு விலை உயர்ந்த ஆண்டா, சரிந்த ஆண்டா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.